வெற்றிலைக் கொடிக்குச் சுண்ணாம்பு

பொன்னுதுரை பிஸ்கட் டின்னில் தோட்டத்து மண்ணை நிரப்பி மூடியபோதே மனைவி சந்திரமதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா வீட்டு மண்ண வெளிய குடுக்கறதா? லட்சுமியும் கூடவே போயிருவா."

"விவசாய ஆபீஸ்ல வெள்ளிக்கெழமதான் மண்ணு வாங்குறாங்க. எனக்கு லீவு கெடைக்காது. நீ பாசாருக்குப் போற வழியில குடுத்துட்டுப் போ."

"மண்ணுல என்னத்தப் பாக்கப் போறாங்களாம்? எல்லா மண்ணும் மண்ணுதானே?"

"வாய மூடிட்டு எடுத்துட்டுப் போலா!"

சந்திரமதி சந்தையில் விற்கும் வெற்றிலைக் கூடையைத் தலையிலும் டின்னை இடுப்பிலும் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

பகலெல்லாம் நகரசபைக்கு ரோடு போடுகிறவர் பொன்னுதுரை. மீதி நேரம் முழுக்க, காஜா பெராங் பகுதியில் வீட்டுக்குப் பின்னால் இருந்த அரை ஏக்கர் வெற்றிலைத் தோட்டத்துக்கு அவர் அடிமை. ஜப்பான்காரன் காலத்தில் புதரை வெட்டித் திருத்திய நிலம் அது. வியர்வை எல்லாம் அவருடையது, நிலப் பட்டாவான கிராண்டு மட்டும் அவர் பெயரில் இல்லை. மெர்டேக்கா என்ற சுதந்திரம் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஒழுங்காகப் பயிர் செய்கிறவனுக்கு நிலத்தை எழுதிக் கொடுப்பார்கள் என்று பேச்சு. ஒழுங்காகச் செய்கிறானா என்று எழுத வேண்டியவர் விவசாய ஆபீசர் தேவதாஸ். அவருக்கு மண் பரிசோதனைதான் வேதம்.

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் பொன்னுதுரை ஆபீசுக்கு ஓடினார்.

"நாலு புள்ளி மூணு" என்றார் தேவதாஸ். "கடும் புளிப்பு. புளிப்பு முறிஞ்சு எண் ஏற எட்டு மூட்டை சுண்ணாம்புத்தூள் தர்றோம், போடுங்க."

"கொடி நல்லாத்தானே இருக்குங்க?"

"கொடி பொய் சொல்லும். எண் சொல்லாது."

வாசலில் வாடிய ரோஜாச் செடிகளுக்கு நடுவே குந்தியிருந்த ஆபீஸ் தோட்டக்காரர் சின்னப்பா எழுந்து வந்தார். "ஐயா, அப்படியே நம்ம ரோஜாவுக்கும் ஒரு மூட்ட..."

"சோதனை பண்ணாம ஒரு பிடி கிடையாது. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

சின்னப்பா பொன்னுதுரையின் பக்கம் திரும்பினார். "வெத்தலையில தடவுவாங்க, தெரியும். கொடிக்கே சுண்ணாம்பாண்ணே? பாக்கையும் போட்டுட்டீங்கன்னா நின்ன எடத்துலயே மெல்லலாம்."

பொன்னுதுரைக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டு மூட்டையையும் போட்டார்.

ஒரு மாதத்தில் இலைகள் மஞ்சளித்தன. பயந்துபோய் இன்னொரு டின் மண்ணை அனுப்பினார். சந்திரமதி இந்த முறை வாயே திறக்கவில்லை. முடிவு அதே நாலு புள்ளி மூன்று.

"போட்டது பத்தல. இன்னும் எட்டு மூட்டை" என்றார் தேவதாஸ்.

அதையும் போட்டார். தோட்டமே வெள்ளையடித்த சுவர்போல ஆனது. கொடிகள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. பாசாருக்குக் கொண்டுபோன வெற்றிலையை யாரும் தொடாததால் சந்திரமதி கூடையோடு திரும்பி வந்தாள். பெற்ற பிள்ளைக்குத் தன் கையாலேயே தப்பான மருந்தைக் கொடுத்தவனைப்போல் பொன்னுதுரை பந்தலடியில் உட்கார்ந்து அழுதார். அதைச் சந்திரமதி சமையலறை ஜன்னல் வழியே பார்த்தாள்.

மூன்றாவது டின்னும் போனது. முடிவு வந்த சனிக்கிழமை தேவதாஸ் கணவன் மனைவி இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார்.

"பதினாறு மூட்டை! எண் இம்மிகூட நகரல. சுண்ணாம்பை வித்துட்டீங்களா?"

"சத்தியமா கொட்டுனேங்க ஐயா. வந்து பாருங்க."

"பாக்க வேண்டியதே இல்ல. எண் சொல்லுது." அவர் பேனாவைத் திறந்தார். "நிலத்துக்குத் தகுதி இல்லன்னு எழுதறேன்."

பொன்னுதுரையின் பதினைந்து வருஷ உழைப்பு ஒரு வரியில் போகப்போகிறது.

"எழுதாதீங்க!" சந்திரமதி கத்திவிட்டாள். "தப்பு என்னுது. வெள்ளிக்கெழம வீட்டு மண்ண வெளிய குடுக்க மனசு வரல. ஒவ்வொரு தடவையும் தோட்டத்துலயே கொட்டிட்டு வெறும் டின்னத்தான் எடுத்தாந்தேன். இங்க வந்து வேற மண்ண ரொப்பிக் குடுத்தேன். எல்லா மண்ணும் ஒண்ணுதானேன்னு நெனச்சேன். அந்த எண்ணுக்காக இவரு கொடியக் கொன்னப்புறமும் சொல்லப் பயந்துட்டேன்."

பொன்னுதுரை அவளையே பார்த்தார். திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார். அழுது சிவந்திருந்த அவள் கண்ணைப் பார்த்ததும் கோபம் தணிந்தது. "லட்சுமிய நிறுத்தி வச்சிட்ட. வெத்தலதான் போச்சு" என்று மட்டும் சொன்னார்.

தேவதாஸ் பேனாவை மூடினார்.

"திங்கக்கிழமை நானே வந்து மண் எடுக்கறேன். அதுவரைக்கும் எதுவும் எழுதல." அவர் மூன்று சோதனைச் சீட்டுகளையும் கையில் எடுத்தார். "ஆனா, மூணு தடவையும் நாலு புள்ளி மூணு. இவ்வளவு கெட்ட மண்ணை எங்கேம்மா பிடிச்சீங்க?"

வாசலில் நின்ற சின்னப்பா தொண்டையைக் கனைத்தார்.

"இந்தம்மா மூணு வெள்ளிக்கெழமையும் நம்ம ஆபீஸ் ரோஜாப் பாத்தியிலதாங்க ஐயா மண்ணு அள்ளுனாங்க, சோதன மூணு தடவ ஆயிருச்சுல்ல, இப்பவாச்சும் அந்த ஒரு மூட்ட சுண்ணாம்பக் குடுங்க."