கரடி படத்தில் ஒரு குறை

ஒரு காட்டில், தியேட்டர் வாசலில் நின்ற நாவல் மரத்திலிருந்து ஒரு தேவாங்கைக் கீழே இறக்க ஒரு காட்டுப்பன்றி முயன்றுகொண்டிருந்தது. தேவாங்குக்கு வால் கிடையாது. எதைப் பிடித்து இழுப்பது என்று பன்றிக்குத் தெரியவில்லை.

“ஒரே ஒரு குறை சொல்லுங்க அண்ணே, போதும்.”

“சொல்ற மாதிரி ஒண்ணும் தென்படலையே வேதவல்லி” என்றது தேவாங்கு, கிளையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

பன்றி வேதவல்லிதான் அந்தத் தியேட்டரை நடத்தியது. தியேட்டர் என்றால் ஒரு குகை. உள்ளே, கொக்குகள் தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்து வெள்ளையாக்கிய ஒரு பாறை, அதுதான் திரை. தேவாங்கு தெய்வசிகாமணி அந்தக் காட்டின் ஒரே விமர்சகர். படம் முடிந்து எல்லோரும் வெளியே வரும்போது நாவல் கிளையில் இருந்தபடி தன் கருத்தைச் சொல்லும். அந்தக் கருத்து எப்போதும் நல்லதாகவே இருந்தது.

வௌவால்கள் ஒரு பேய்ப்படம் எடுத்தன. முதலிலிருந்து கடைசிவரை திரையில் ஒன்றுமே தெரியவில்லை. இருட்டை இவ்வளவு தாராளமாக யாரும் தந்ததில்லை என்றது தேவாங்கு. குரங்குகளின் சண்டைப்படத்தில் யார் யாரை அடிக்கிறார்கள் என்பது குரங்குகளுக்கே விளங்கவில்லை. அடிப்பதில் பாரபட்சம் காட்டாத படம் என்றது. மான்களின் குடும்பப் படத்தில் நடுவே புலி வாசனை அடித்ததால் நடிகர்கள் எல்லோரும் ஓடிவிட்டார்கள். மீதிப் படம் வெறும் புல். அந்தப் புல்லின் நடிப்பைப் பற்றித் தேவாங்கு நெடுநாள் பேசிக்கொண்டிருந்தது. நாரையின் படத்தில் நாரை ஒற்றைக்காலில் நிற்கும். மீன் வராது. படம் முடிந்துவிடும். மீன் வராதது தனக்கு மிகவும் பிடித்திருந்ததாகச் சொன்னபோது தேவாங்கின் கண்கள் நனைந்திருந்தன. பெரிய கண்கள் என்பதால் அது எல்லோருக்கும் தெரிந்தது.

முகஸ்துதி என்று சொல்ல முடியாது. தேவாங்கு யாரிடமும் ஒரு பழம்கூட வாங்கியதில்லை. அதற்கு உண்மையிலேயே எல்லாம் பிடித்திருந்தது. சிக்கலே அதுதான்.

ஏனென்றால் அந்தக் காட்டில் ஒரு சட்டம் இருந்தது. ஒரு படத்தைக் குறை சொன்னவர்தான் அடுத்த படத்தை எடுக்கவேண்டும். முன்பெல்லாம் படம் விட்டதும் வாசலில் ஒருவரையொருவர் கடித்துக்கொண்டதால் சிங்கம் போட்ட சட்டம். எடுத்தவரே தன் படத்தைக் குறை சொன்னால் என்ன செய்வது என்று, வழக்குகளுக்குத் தீர்ப்புச் சொல்லும் ஆமை அன்றைக்குக் கேட்டது. அப்படி ஒரு பிராணி பிறந்தால் அதுவே எடுக்கட்டும் என்று சிங்கம் சிரித்தது. சட்டத்தால் கடிப்பது குறையவில்லை. படங்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன. ஆசைப்பட்டு இயக்குநர் ஆனவர் அங்கே யாருமில்லை. வாயை அடக்கத் தெரியாமல் ஆனவர்கள்தான். கரடி கோதண்டமும் அப்படித்தான். நாரை படத்தில் இடைவேளை தாமதம் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு, அழுதுகொண்டே ஒரு படம் எடுத்தது.

அந்தப் படத்தில் கரடி தேன் குடிக்கும். இடைவேளைக்குப் பிறகு தூங்கும்.

படம் விட்டு வந்த குரங்குகள் வாயைத் திறப்பதற்குள், தேன் வடிகிற வேகத்திலேயே கதையும் போவதைக் கவனித்தீர்களா என்று மேலிருந்து தேவாங்கு கேட்டது. குரங்குகள் யோசித்துப் பார்த்தன. அப்படித்தான் இருந்தது. பேசாமல் மரமேறிப் போய்விட்டன. யாரும் குறை சொல்லவில்லை. அடுத்த படம் வரவில்லை. மழைக்கு முன் வந்த கரடி படம் மழை விட்ட பிறகும் ஓடியது. திரையில் கரடி கொட்டாவி விடும் முன்பே முன்வரிசையில் முயல்கள் விட்டன. பிறகு முயல்களும் வருவதில்லை.

வேதவல்லி தானே குறை சொல்லிப் பார்த்தது. செல்லாது என்று ஆமை சொல்லிவிட்டது. முழுப் படம் பார்த்தவர் சொன்னால்தான் குறை, வேதவல்லி எந்தப் படத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை. பாதியில் நெல்லிக்காய் விற்க வெளியே போய்விடும்.

இந்தச் சமயத்தில்தான் மயில் வீட்டார் குகையைக் கேட்டார்கள். அவர்கள் வீட்டில் கல்யாண வயதில் பெண்கள் அதிகம். பௌர்ணமிவரை பார்க்கலாம், அதன் பிறகு என்றைக்கு அடுத்த படம் எடுக்க ஆள் இல்லையோ அன்றைக்கே குகை கல்யாண மண்டபம் என்று சிங்கம் சொல்லிவிட்டது. மயிலம்மா நல்ல நேரம் பார்த்து வாசலின் இருபுறமும் வாழைமரம் கட்டிவிட்டுப் போனது.

“மண்டபம் ஆயிட்டா எனக்கு அங்க என்ன வேலை அண்ணே? பந்தி முடிஞ்சதும் இலை எடுக்கச் சொல்லுவாங்க” என்றது வேதவல்லி.

தேவாங்கு குகைப் பக்கம் திரும்பியது. “அந்தப் பாறையை என்ன பண்ணுவாங்க?”

“பொண்ணு மாப்பிள்ளை பேரு எழுதுவாங்களாம். சுத்திப் பூ.”

யாரும் இழுக்காமலே தேவாங்கு கீழே இறங்கியது.

அன்று மாலை அது கரடி படத்தை மறுபடி பார்த்தது. செய்தி பரவி, வாசலில் காடே கூடியிருந்தது. படம் முடிந்து வெளியே வந்து கிளையில் ஏறி, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, இரண்டாம் பாதியில் அந்தத் தூக்கம் இருக்கிறதே என்று ஆரம்பித்தது. வேதவல்லி முன்னால் நகர்ந்தது. அந்தத் தூக்கத்தில் ஒரு நேர்மை இருக்கிறது என்று தேவாங்கு முடித்தது. எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் தேவாங்கு கரடியின் புதருக்கே போயிற்று. குறை என்று ஒன்று கண்ணில் படவில்லை, அதனால் பொய்தான் சொல்லவேண்டும், அதற்குக் கரடியின் அனுமதி வேண்டும் என்று விளக்கியது.

“எந்த இடத்தைச் சொல்லப்போறீங்க?” என்றது கரடி.

“தேன் குடிக்கிற இடம்னு நினைச்சேன்.”

“அதை விட்ருங்கண்ணே. ஊர்ல எல்லாரும் அதைத்தான் பாராட்டுறாங்க.”

“சரி, தூக்கம்?”

“அதுக்கு நான் எவ்வளவு கஷ்டப்பட்டேன்னு உங்களுக்கே தெரியும்.”

“கொட்டாவி?”

கரடி முகத்தைத் திருப்பிக்கொண்டது. கரடி காலால் மண்ணைக் கிளறியது. பிறகு, யார் காதிலும் விழுந்துவிடக்கூடாது என்பதுபோல, “ஆரம்பத்துல என் பேரு வரும் பாருங்க. அது கொஞ்சம் சீக்கிரமாப் போயிடுது” என்றது.

அன்று மாலை நாவல் கிளையிலிருந்து, இயக்குநரின் பெயர் திரையில் இன்னும் சற்று நின்றிருக்கலாம் என்று தேவாங்கு அறிவித்தது. இதைக் குறை என்று எடுத்துக்கொள்ளலாமா என்பது பற்றிச் சர்ச்சை வந்தது. ஆமை நெடுநேரம் யோசித்துவிட்டு, குறை சின்னதாக இருந்தாலும் குறைதான் என்று தீர்ப்புச் சொன்னது. கூட்டத்தில் கரடிதான் எல்லோரையும்விட பலமாகத் தலையாட்டியது.

ஆக, தேவாங்கு படம் எடுத்தது.

கண்ணில் பட்ட எதையும் விட்டுவிட அதற்கு மனம் வரவில்லை. ஒரு நத்தை பாதையைக் கடந்தது, முழுக்க எடுத்தது. ஒரு சருகு விழப்போவதுபோல் இருந்தது, விழும்வரை எடுத்தது. எறும்புகளில் ஒன்றை மட்டும் காட்டினால் மற்றவை என்ன நினைக்கும் என்று எல்லா எறும்புகளையும் எடுத்தது. பௌர்ணமிக்கு முதல்நாள் படம் வந்தது. மயில் வீட்டார் வாசலில் வாடியிருந்த வாழைமரங்களை அவிழ்த்துவிட்டுப் புதியவற்றைக் கட்டிவிட்டு, முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள்.

படம் முடிந்தது. எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். பழக்கதோஷத்தில் நாவல் கிளையை அண்ணாந்து பார்த்தார்கள். கிளை காலியாக இருந்தது. தேவாங்கு கீழே, கூட்டத்தோடு, ஒரு வேரின்மேல் நின்றுகொண்டிருந்தது.

முதலில் ஒரு மான், நத்தையின் நடையில் ஒரு தன்னம்பிக்கை தெரிந்தது என்றது. குரங்குகள் சருகைப் பாராட்டின. விழுமா விழாதா என்று கடைசிவரை உட்காரவைத்துவிட்டதாம். நாரை, எறும்புக் காட்சியை இன்னும் நீட்டியிருக்கலாம் என்று சொல்ல வந்தது. அது குறை ஆகிவிடுமோ என்று பயந்து, நீளம் கச்சிதம் என்றது. கரடி, தனக்கு நல்ல தூக்கம் வந்ததாகவும் அப்படித் தூங்கி நாளாயிற்று என்றும் தழுதழுத்தது. தேவாங்கு கற்றுக்கொடுத்ததை எல்லோரும் நன்றாகவே கற்றிருந்தார்கள்.

வேதவல்லி ஒவ்வொருவர் வாயாகப் பார்த்துக்கொண்டே போயிற்று. ஒரு வாயிலிருந்தும் ஒரு குறையும் வரவில்லை.

“வேற யாரும் பேசணுமா?” என்றது ஆமை.

மயிலம்மா கொண்டையைச் சரிசெய்துகொண்டு, எறும்புகளுக்குப் பின்னால் நடந்துபோன எங்கள் பெரியவளை அழகாகக் காட்டியிருக்கிறீர்கள், வரன் பார்க்க வருபவர்களுக்கு இதையே போட்டுக்காட்டலாம் என்று சொல்லிவிட்டு, மேடையை எந்தப் பக்கம் போடுவது என்று குகைக்குள் எட்டிப்பார்த்தது.

“எனக்குப் பிடிக்கலை” என்றது தேவாங்கு.

எல்லோரும் மறுபடி கிளையைப் பார்த்தார்கள். குரல் வேரிலிருந்து வந்திருந்தது.

“நத்தையை எடுத்தது நான். நடையெல்லாம் அதோடது. எனக்கு அதுல என்ன பங்கு இருக்கு? சருகு விழுந்ததும் வெட்டியிருக்கணும், வெட்டலை. வெளிச்சம் பூரா முதுகுப் பக்கம். எறும்பு வேண்டியதில்லை.”

அதோடு நிற்கவில்லை. தொடக்கம் தொடக்கமாக இல்லை என்றது. இடைவேளை எங்கே வந்தாலும் ஒன்றுதான் என்றது. முடிவு என்று ஒன்று இருந்ததா என்று கூட்டத்தைக் கேட்டது. இத்தனை காலம் இதையெல்லாம் எங்கே வைத்திருந்தது என்று தெரியவில்லை. ஒரு படத்துக்கு இவ்வளவு குறை காட்டில் அதுவரை யாரும் சொன்னதில்லை. கரடி சமாதானப்படுத்தப் பார்த்தது. பெயர் நெடுநேரம் நின்றது அண்ணே, அதையாவது ஒப்புக்கொள்ளுங்கள் என்றது. அதுவும் அதிகம், அந்தப் பெயர் வராமலே இருந்திருக்கலாம் என்றது தேவாங்கு.

ஆமை கூட்டத்தின் பின்னால் நின்ற சிங்கத்தைப் பார்த்தது. சிங்கத்துக்குத் தான் சிரித்துக்கொண்டே சொன்னது நினைவுக்கு வந்தது. இந்தமுறை அது சிரிக்கவில்லை. அதுவே எடுக்கட்டும் என்றது.

“எடுக்கிறேன். அதுவும் இப்படித்தான் இருக்கும்” என்றது தேவாங்கு.

மயிலம்மா, அப்படியானால் அதற்கு அடுத்ததை யார் எடுப்பது என்று கேட்டது. எல்லோரும் தேவாங்கைப் பார்த்தார்கள். அது ஏற்கெனவே அடுத்த படத்தின் குறைகளைக் கரடியிடம் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. கூட்டம் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

வேதவல்லி வாசலுக்குப் போய், இடதுபக்க வாழைமரத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, அடித்தண்டிலிருந்து தின்ன ஆரம்பித்தது.

நீதி, ஒன்று இருந்தே ஆகவேண்டும் என்றால்: வீட்டில் கல்யாண வயதில் பெண் இருப்பவர்கள் விமர்சகரைப் படம் எடுக்க விடக்கூடாது.