யாரு சொல்லி அழுவுது?

கண்ணாடியில் தெரியும் தன் முகத்தையே நம்பாமல், பக்கத்தில் இருப்பவரிடம் ‘இது நாந்தானா?’ என்று கேட்டு உறுதி செய்துகொள்ளும் ஒரே மனிதர் எங்கள் டவுட்டு பாய். ராயபுரத்துக் கேமராமேன். அவரோடு சவுண்டு ரெக்கார்டிங்குக்கு மைக் தூக்கிக்கொண்டு அலைந்த பாவி நான்.

முதலில் கல்யாண வீடியோதான் எடுத்தார். டோல்கேட் பக்கம் ஒரு மண்டபத்தில், மாப்பிள்ளை பெண்ணுக்கு லட்டு ஊட்டும் நேரம். பாய் கேமராவை இறக்கிவிட்டார்.

“யாரு சொல்லி ஊட்டுற?”

மாப்பிள்ளை திருதிருவென்று விழித்து மாமியாரைக் கைகாட்டினான்.

“அப்போ இத்த நான் எடுக்க மாட்டேன்.”

வீடியோவில் கடைசியில் இருந்தது, பிரியாணி அண்டா பக்கம் இரண்டு சித்தப்பாக்கள் போட்ட சண்டை மட்டும். அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையாம். அதோடு கல்யாண ஆர்டர் எல்லாம் நின்றது. டாக்குமெண்டரி என்றால் உண்மைப் படம் என்று யாரோ சொல்ல, மனிதர் அதை மட்டும் எப்படியோ நம்பி அங்கே வந்து சேர்ந்தார்.

கடலில் மீன்பாடு குறைந்ததைப் பற்றிய படம். காசிமேட்டில் மீன் விற்கும் செல்வி அக்காவைக் கடலோரமாக நிறுத்தினார் டைரக்டர். காலையில் வரவேண்டிய அவர் புருஷனின் படகு மதியமாகியும் வரவில்லை.

“கடலைப் பார்த்து லேசா அழுங்கம்மா.”

“வூட்டுக்காரு கடல்ல கீறாரு சார். கரைல நின்னு அழுவக் கூடாது, அவுரு உசுருக்கு ஆவாது.”

“படம் வந்தா உங்க குப்பத்துக்கே நல்லதும்மா.”

அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. குப்பத்துக்கு நல்லதா, புருஷன் உயிரா? முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோனார்.

“கேமரா ரிப்பேரா பூட்ச்சு சார்! நாளைக்குத்தான்!” என்று கத்தினார் பாய்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கேமராவில் சிவப்பு விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. பாய் பொய் சொல்லி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் விடியற்காலையில் படகு வந்தது. புருஷன் இறங்கியதும் அக்கா சட்டையைப் பிடித்து உலுக்கினார். “யோவ், ஊரே வந்துட்ச்சு, நீ மட்டும் எங்கய்யா பூட்ட?” என்று ஓவென்று அழுதார்.

“ரோல், பாய், ரோல்!” என்று துள்ளினார் டைரக்டர்.

பாய் தோள் துண்டை எடுத்துக் கேமராவைப் போர்த்தினார்.

“இன்னா பாய், இதுலயுமா டவுட்டு?” என்றேன்.

“இதுல டவுட்டே இல்ல நைனா. ஆனா இத்த எடுத்துக் குடுத்தா, புருஷன் திரும்பி வரலன்னு அழுவுற மாதிரி வெட்டி ஒட்டிடுவாரு அந்த டைரக்டரு.”

அங்கேயே வேலை போனது. எனக்கும் சேர்த்துத்தான். பக்கத்து டீக்கடையில் பாய் கிளாஸை மோந்து பார்த்து, “இது டீதானா?” என்று மாஸ்டரிடம் வம்பு வளர்த்துக்கொண்டிருந்தார்.

இன்றைக்கும் திரையில் யாராவது அழுதால், ‘யாரு சொல்லி?’ என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எதைப் பார்த்தாலும் சந்தேகம் வருகிறது. பாயைப் பற்றி மட்டும் எனக்கு ஒரு டவுட்டும் கிடையாது.