டாக்டருக்குப் பின்னால் பாடுகிறவள்

அன்று காலை முதல் ரிப்போர்ட்டிலேயே அவள் வைத்த புள்ளிகள் நாற்பத்தொன்று.

அந்த அலுவலகத்தில் சட்டம் ஒன்றுதான். டாக்டர்கள் நோயாளியைப் பார்த்த பிறகு ரெகார்டரில் பேசி அனுப்புவார்கள். அதைக் கேட்டு டைப் அடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். காதில் விழுந்ததை அடி, விழாத இடத்தில் புள்ளி வை, நீயாக எதையும் நிரப்பாதே. ஒரு ரிப்போர்ட்டுக்குப் பத்துப் புள்ளி வரை மன்னிப்பு உண்டு.

கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்த சூப்பர்வைசர் அவளைக் கூப்பிட்டு, தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இது ரிப்போர்ட்டா, எறும்பு ஊர்வலமா?"

"அவர் பேசினாத்தானே சார் அடிக்க முடியும். அவர் மூச்சு விடுறார். மூச்சுக்கு எழுத்து கிடையாது."

சூப்பர்வைசர் சுவரில் தொங்கிய காலண்டரில் மாதக் கடைசியை விரலால் தொட்டுக் காட்டினார். அதுவே போதுமானதாக இருந்தது. மாதக் கடைசியோடு அவளுடைய ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிகிறது. வேலை நிரந்தரமாகும், இல்லையென்றால் வாசல் கதவு.

அவளுக்கு வாய்த்தவர் எலும்பு டாக்டர். அலுவலகத்தில் அவருக்கு முணுமுணு டாக்டர் என்று பெயர். அங்கே டைப் அடிக்கிற முப்பது பேரும் ஒருவர் மாற்றி ஒருவர் அவரிடமிருந்து நழுவி, கடைசியாக வந்தவள் தலையில் கட்டியிருந்தார்கள். வந்து ஐந்து மாதம் ஆகியும் அவளை எல்லோரும் 'புதுசு' என்றே கூப்பிட்டார்கள். சோப்பு வாங்கிவந்த மாதிரி.

அவள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் கால் அவளுடையது. அப்பா கிடங்கில் மூட்டை தூக்குகிறார். அம்மா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக்குப் பொத்தான் தைக்கிறாள். மகளுக்கு ஆஸ்பத்திரி சம்பந்தப்பட்ட வேலை என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிவைத்ததில், அவள் பஸ்ஸைவிட்டு இறங்கினால் இரண்டு பேராவது பாவாடையை லேசாகத் தூக்கி முழங்காலைக் காட்டினார்கள். இந்த வேலை போனால் வீட்டுக்கு மட்டுமல்ல, அந்த முழங்கால்களுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

வழி காட்டியவர் அக்கா வீட்டுக்காரர். ரேடியோவும் ஒலிபெருக்கியும் ரிப்பேர் பார்க்கிற கடையில் வேலை.

"காதைத் திட்டாதே பாப்பா. உங்க கம்ப்யூட்டர்லேர்ந்து வர்ற சத்தம் நோஞ்சான். ஹெட்ஃபோனைத் தள்ள அதுக்குத் தெம்பு இல்ல. நடுவுல இதைச் சொருகு."

அவர் கொடுத்தது தீப்பெட்டி அளவில், சத்தத்தைப் பெருக்கித் தருகிற ஒரு கறுப்பு ஆம்ப். ஒரு பக்கம் கம்ப்யூட்டருக்கு, மறு பக்கம் ஹெட்ஃபோனுக்கு. மேலே ஒரு சக்கரம், ஓரத்தில் எழுத்தெல்லாம் தேய்ந்துபோன மூன்று சுவிட்ச், அவற்றின் பக்கத்தில், போனில் வாய் வைத்துப் பேசுகிற இடத்தில் இருக்குமே, அந்த மாதிரி எறும்புப் புற்றளவு ஒரு துளை. எது எதற்கு என்று கேட்டாள். எல்லாவற்றையும் மேலே தள்ளிவிடச் சொல்லிவிட்டு அவர் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை அவள் சக்கரத்தைத் திருகினாள். முணுமுணு டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் காதோரம் வந்து உட்கார்ந்தார். எச்சில் விழுங்குவது கேட்டது. 'தொடை எலும்பு' என்பதற்கு முன்னால் ஒருகணம் யோசிப்பதுகூடக் கேட்டது. ஐந்து மாதமாகப் புகையாக இருந்த மனிதருக்குக் கை கால் முளைத்துவிட்டது.

புள்ளி பூஜ்யம். சூப்பர்வைசர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வைத்தார். அவர் பாராட்டுவது அப்படித்தான்.

டாக்டரோடு அவருடைய அறையும் சேர்ந்து வந்ததுதான் வினை. முதலில் மின்விசிறி, இலை அசைவதுபோல. பிறகு நாற்காலிச் சக்கரம் உருளும் சத்தம். ஈரத்துணி ஒன்று தரையில் இழுபட்டு, நின்று, மறுபடி இழுபட்டது. அவள் கண்ணை மூடினால் அந்த அறை தெரிந்தது. வெள்ளைத் திரை. துடைத்த தரையில் மிதக்கும் ஜன்னல். அவசரமே இல்லாத மத்தியானம்.

மூன்றாம் நாள், இடுப்பு எலும்பு முறிவுக்கு நடுவே, ஒரு பெண் பாடினாள்.

பாட்டு என்றால் வார்த்தை இல்லை. வாயைத் திறக்காமல், தொண்டைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிற ராகம். தண்ணீருக்கு அடியில் விளக்கு ஏற்றி வைத்த மாதிரி. டாக்டர் முறிவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போக, பின்னால் அந்தக் குரல் மெல்ல ஏறி, ஒரு வளைவில் நின்று, யாரையும் எதையும் கேட்காமல் இறங்கியது. அவள் விரல்கள் விசைப்பலகையின்மேல் அப்படியே மிதந்தன.

யாராக இருக்கும்? ஈரக் கூந்தலை நாற்காலி முதுகில் விரித்துப் போட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறவள். பஸ்ஸுக்கு ஓடி அறியாதவள். வேலை நிரந்தரமாகுமா என்று காலண்டரை வெறிக்காதவள். வேலைவெட்டி இல்லாதவர்களுக்குத்தான் இப்படிப் பாட வரும் என்று நினைத்தபோது வயிறு எரிந்தது. எரிந்துகொண்டே திரும்பக் கேட்டாள். நாலு தடவை.

அவளுடைய வேகம் பாதியாகக் குறைந்தது. சக்கரத்தை இறக்கினால் பாட்டு போனது, கூடவே டாக்டரும் போனார். ஏற்றினால் இருவரும் வந்தார்கள். கேட்பது சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் என்று தனக்குத்தானே கட்டுப்பாடு போட்டாள். சாப்பாட்டு நேரம் பதினொரு மணிக்கு நகர்ந்தது.

அந்தத் தளத்தில் முப்பது பேரும் ஹெட்ஃபோனுக்குள் இருப்பார்கள். ஒருவரைக் கூப்பிட வேண்டுமென்றால் மேஜையில் இரண்டு தட்டு. தரை துடைக்கிற அக்காகூட மாப் கட்டையால் நாற்காலியைத் தட்டித்தான் காலைத் தூக்கச் சொல்லுவாள். சூப்பர்வைசர் வந்து தட்டியது அவளுக்கு உறைக்கவில்லை. தோளைத் தொட்டபோது விழித்துக்கொண்டவள் மாதிரி நிமிர்ந்தாள்.

புள்ளிதான் போய்விட்டதே, இன்னும் ஏன் தாமதம் என்று கேட்டார். டாக்டருக்குப் பின்னால் ஒரு பெண் பாடுகிறாள் என்று உள்ளதைச் சொன்னாள். அவர் வேறு எதையோ யோசித்துக்கொண்டு சட்டத்தைச் சொன்னார்.

"காதில விழுந்துதா? அடி."

அடித்தாள். 'வலது முழங்கால் வீக்கம் குறைந்துள்ளது. (பின்னால் ஒரு பெண் பாடுகிறார்.) மடக்கும்போது வலி இல்லை. (பாட்டு மேலே போகிறது.)'

அந்த முழங்காலுக்குச் சொந்தக்காரர் நல்லவர். அவருடைய பக்கத்துக் கட்டில்காரர்தான் தாளை வாங்கிப் படித்துவிட்டு, தனக்கு மட்டும் ஏன் பாட்டு வைத்தியம் பார்க்கவில்லை என்று மருத்துவமனையையே இரண்டாக்கியிருக்கிறார்.

மருத்துவமனை சூப்பர்வைசரைப் பிடித்தது. சூப்பர்வைசர் அவளிடம் வந்து, மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதச் சொன்னார். அவளுக்கு மன்னிப்பு எழுத வராது. பரீட்சையில் தெரியாத கேள்விக்குக்கூடச் சண்டை போட்டு விடை எழுதியவள். ஒன்றரைப் பக்கம் புகார் எழுதினாள். நோயாளிகளின் அந்தரங்கத்தை டாக்டர் ஒரு மூன்றாம் நபரை வைத்துக்கொண்டு பேசுவதாகவும், அந்த நபர் மூன்று வாரமாக இடைவிடாமல் பாடுவதாகவும், தாமதத்துக்கு அந்தக் குரலே பொறுப்பு என்றும்.

சூப்பர்வைசர் டாக்டருக்கே போன் போட்டார். டாக்டர் நெடுநேரம் மறுத்திருக்க வேண்டும். இந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. 'டாக்டர் மறுக்கவில்லை' என்று அடிக்குறிப்பு எழுதி அவர் புகாரை மேலே அனுப்பினார்.

புகார் டாக்டர் வீடுவரை போய்ச் சேர்ந்து, மாதக் கடைசி நாள் மூன்று மணிக்கு அவருடைய மனைவி வந்தார்.

அந்த அம்மாள் பேசினால் கண்ணாடி அறையின் கண்ணாடி ரீங்கரித்தது. டாக்டர் ஏன் முணுமுணுக்கிறார் என்பது யாரும் விளக்காமலே விளங்கியது. ரெகார்டிங் எல்லாம் வீட்டில், தன் கண் முன்னால் நடப்பதாகச் சொன்னார்.

"அந்த வீட்டுல என் குரலுக்கே இடம் பத்தல. இன்னொருத்தி எங்கேர்ந்து வந்தா? போடுங்க, கேக்கிறேன்."

ஸ்பீக்கரில் போட்டார்கள். டாக்டர் மூச்சு விட்டார். பெண் இல்லை. ஸ்பீக்கரில் வராது, இதில் கேளுங்கள் என்று அவள் ஓடிப்போய் ஆம்பையும் ஹெட்ஃபோனையும் கொண்டுவந்து அந்த அம்மாள் தலையில் மாட்டினாள். அந்த அம்மாள் கண்ணை மூடினார். முகம் மெல்ல மெல்ல இளகி, பத்து வயது குறைந்தது.

"இருபத்திரண்டு வருஷத்துல இவர் ஒரு வாக்கியத்தை முடிச்சு இப்பத்தான் கேக்கிறேன்" என்றார், யாருக்கும் இல்லாமல். பிறகு, "யாருக்கோ வயிறு உறுமுது."

சூப்பர்வைசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

ஃபைல் முடிந்தது. பெண் இல்லை. இரண்டாவது போட்டார்கள், மூன்றாவது போட்டார்கள். எந்தெந்த இடத்தில் அவள் மேலே போவாள், எங்கே வளைவாள் என்று புதுசுக்கு மனப்பாடம். அந்த இடங்களில் எல்லாம் வெறும் மின்விசிறி.

அந்த அம்மாள் ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். குரல் முதல்முறையாகத் தணிந்தது.

"பொய் சொல்ற மூஞ்சி இல்ல உனக்கு. சொல்லு. நல்லாப் பாடுவாளா?"

சூப்பர்வைசர் மேஜைக்கு அடியில் கையை ஆட்டினார். இல்லை என்று சொல்லிவிடு, எல்லாம் கனவு என்று சொல்லிவிடு, மாதக் கடைசி. சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் குரலை இல்லை என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

"ரொம்ப நல்லாப் பாடுவாங்கம்மா. யாரும் கேக்கணும்னு பாடுறதில்ல. கேக்கிறாங்கன்னே தெரியாம பாடுறாங்க. நமக்கெல்லாம் அது வராது."

அந்த அம்மாள் எழுந்தார். ஐந்து மணிக்குள் அவள் யார் என்று தனக்குத் தெரிந்தாக வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் சொன்னார். அவர் அதையே திருப்பி இவளிடம் சொன்னார். ஐந்து மணிக்குள் அந்தப் பெண்ணைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பொய்ப் புகார் கொடுத்தேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, மேஜையைக் காலி செய்ய வேண்டும்.

மணி நாலு இருபது.

தன் இடத்துக்கு வந்து, ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்தாள். பக்கத்து இருக்கைக்காரி நிமிரவில்லை. முப்பது பேரும் முப்பது டாக்டர்களுக்குள் மூழ்கிக் கிடந்தார்கள். கடைசியாக ஒரு தடவை என்று ஆம்பைச் சொருகி, மாட்டிக்கொண்டாள்.

டாக்டர் பேசத் தொடங்கினார். மணிக்கட்டு எலும்பு. இரண்டு வரி போனது, மூன்று வரி போனது. பிறகு, கையெட்டும் தூரத்தில், அவள் வந்தாள்.

வந்தாள் அய்யா. கண்ணாடி அறையில் எத்தனை பேர் காத்திருந்தும் வராதவள், இப்போது ஒய்யாரமாக வந்தாள். ஆத்திரம் தொண்டைவரை ஏறியது. ஏறிய அந்த நேரத்தில் குரலும் ஏறியது. ஈரத்துணி தரையில் மெல்ல இழுபட்டது, திரை அசைந்தது, ஜன்னல் வெளிச்சம் தரையில் அலம்பியது. உனக்கு என்னடி கவலை என்று அவளைக் கேட்க நினைத்தாள். உன் ஒரு பாட்டுக்கு ஒரு குடும்பத்தின் முதல் வேலை போகிறதே, உனக்குத் தெரியுமா? குரல் அந்தக் கேள்வியையும் வாங்கி, வளைத்து, யாரும் தொட முடியாத ஓர் உயரத்துக்குக் கொண்டுபோய்ப் பறக்கவிட்டது. கோபம் தன்னால் கரைந்தது. போகட்டும். இதைக் கேட்டதற்காகப் போகட்டும்.

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். தளம் முழுவதும் விசைகளின் சடசடப்பு மட்டும். பேனாவைத் திறந்து, 'ஐயா' என்று எழுதினாள். இன்னொரு வார்த்தை வரவில்லை.

நாற்காலியை மாப் கட்டை ஒரு தட்டு தட்டியது. காலைத் தூக்கினாள். துணி நகரவில்லை. தரை துடைக்கிற அக்கா இடுப்பில் கைவைத்து நின்று, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் கண்ணு நிறுத்திட்ட? இன்னும் ரெண்டு வரிசை பாக்கி கிடக்கு. மூணு வாரமா நீ பாடினாத்தானே எனக்குக் கை ஓடுது."