மேல்கரைச் சாலை முடிந்த விதம்

வேங்கைநாட்டு அரசருக்குச் சாலைகள் என்றால் உயிர். அரண்மனை மேல்மாடத்தில் நின்றால் எட்டுத் திசையிலும் சாலை தெரிய வேண்டும் என்பார். எட்டுத் திசையிலும் தெரிந்தது. மாடத்திலிருந்து கண்ணுக்கு எட்டிய தூரம் வரை அந்தச் சாலைகள் மிக நன்றாகவே இருந்தன. மேல்கரைச் சீமை அதற்கும் அப்பால், மலைக்குப் பின்புறம் இருந்தது.

மேல்கரையில் இஞ்சி விளைந்தது, ஏலம் விளைந்தது, பலா காய்த்தது. ஆனால் ஆஸ்பத்திரியும் சந்தையும் மலைக்கு இந்தப் பக்கம் ஆலடிப்பட்டணத்தில் இருந்தன. நடுவே காட்டு வழியாக ஒரு பாதை, ஒரு மட்டக்குதிரை நடக்கும் அகலத்துக்கு. தவசியும் அவன் மனைவி நாச்சியாரும் சில மட்டக்குதிரைகள் வைத்திருந்தார்கள். மூட்டைகளையும் நோயாளிகளையும் மலை தாண்டிக் கொண்டுபோய் விடுவதுதான் அவர்கள் பிழைப்பு. விடியற்காலையில் கிளம்பினால் உச்சி வெயிலுக்குள் ஆலடி போய்ச் சேரலாம். சிரமம்தான் என்றாலும் போக முடிந்தது.

வேங்கைநாட்டில் அரசர் நிரந்தரம், மந்திரிகளைத்தான் குடிமக்கள் தேர்ந்தெடுப்பார்கள். அப்படி ஒரு தேர்தலுக்கு முன்னால், பாதை மந்திரி பூபதிராயர் மேல்கரைக்குச் சாலை போட நிதி ஒதுக்குவதாக அறிவித்தார். மேல்கரையில் வெடி போட்டுக் கொண்டாடினார்கள். தவசி அன்று யாரிடமும் கூலி வாங்கவில்லை.

வேலையும் உடனே தொடங்கியது, தலைநகரில். எல்லாச் சாலைகளும் அரியணையிலிருந்து புறப்படுவதே முறை என்று சாலை ஆணையர் நீலமேகனார் விளக்கினார். ஆகவே மேல்கரைச் சாலையின் முதல் பகுதியாக, அரண்மனை வாசலிலிருந்து மந்திரி வீட்டு வாசல் வரை பளிங்குக்கல் பதித்தார்கள். இரு பக்கமும் நீரூற்றுகள் வைத்தார்கள். அதோடு நிதி தீர்ந்தது. மேல்கரை ஆட்கள் சிலர் தலைநகருக்குப் போய்த் தங்கள் சாலையைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அருமையாக இருப்பதாகத்தான் சொன்னார்கள்.

அடுத்த தேர்தலுக்குப் பேருந்து வந்தது. மேல்கரைக்கென்று தனியாக ஒரு பச்சைப் பேருந்து வாங்கப்பட்டு, அதன் நெற்றியில் ஊர்ப் பெயரும் எழுதப்பட்டது. சாலை இல்லாததால் அது ஆலடிப் பணிமனையை விட்டு நகரவில்லை. கோட்டைச்சாமி என்பவரை அதற்கு ஓட்டுநராகப் போட்டார்கள். அவர் தினமும் காலையில் வந்து வண்டியைத் துடைத்து, இயக்கிப் பார்த்து, அணைத்துவிட்டு, மாலை வரை ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். சில காலம் கழித்து, மேல்கரைப் பேருந்தில் ஒரு பயணிகூட ஏறவில்லை என்று கண்டுபிடிக்கப்பட்டது. அரசு இத்தனை செய்தும் மக்கள் பேருந்தை மதிக்கவில்லை என்று மந்திரி வருத்தப்பட்டார். அந்த நஷ்டத்தை ஈடுகட்ட மேல்கரையார் மீது பயண வரி விழுந்தது.

மூன்றாவது தேர்தல் நெருங்கியபோது சொல்வதற்குப் புதிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. அதனால் மேல்கரைச் சாலை முழுமையாக முடிந்துவிட்டதென்று பூபதிராயர் அறிவித்தார். அரசர் மகிழ்ந்து அதை ஆணையாக்கினார். சாலை இல்லை என்று சொல்பவர் அரசரைப் பொய்யர் என்று சொன்னவராகக் கருதப்படுவார் என்று ஊர் ஊராகத் தண்டோரா போட்டார்கள். கூடவே இன்னொரு ஆணையும் வந்தது. நெடுஞ்சாலையில் மட்டக்குதிரைகள் நடமாடுவது விபத்துக்கு இடம் கொடுக்கும், ராஜ்யத்துக்கும் இழுக்கு. சேவகர்கள் காட்டுப்பாதை வழியாகவே மூச்சு வாங்க ஏறி வந்து, தவசியின் குதிரைகளைப் பிடித்து, அதே பாதையில் நடத்திக்கொண்டு போனார்கள்.

பிழைப்பு போனபின் தவசி பலா இறக்கும் கூலி வேலைக்குப் போனான். பழகாத வேலை. மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு நாள் கிளை வழுக்கிக் கீழே விழுந்தான். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

குதிரை இருந்திருந்தால் அன்றைக்கே ஆலடி. போர்வையில் டோலி கட்டி ஆட்கள் மாற்றி மாற்றித் தூக்கினார்கள். மழையில் பாதை சறுக்கியது. கணவாயில் மரம் விழுந்து கிடந்ததால் இரவு அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. வலியில் தவசி கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு நாச்சியாரின் கையைப் பிடித்திருந்தான். விடியும்போது அந்தப் பிடி தளர்ந்திருந்ததைப் பார்த்து அவள் ஆட்களை உலுக்கி எழுப்பி டோலியைத் தூக்கச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் அவனைக் காப்பாற்றிவிட்டார்கள். கால் தப்பியது, ஆனால் சரியாகக் கூடவில்லை. முந்தின நாளே கொண்டுவந்திருந்தால் நன்றாக நடப்பான் என்றார் மருத்துவர். ஏன் இவ்வளவு தாமதம், அதுதான் சாலை இருக்கிறதே என்றும் கேட்டார். வாசலில் சேவகன் நின்றுகொண்டிருந்தான். நாச்சியார் அவனைப் பார்த்துவிட்டு, மழை என்று மட்டும் சொன்னாள்.

அங்கிருந்து நேரே சாலை ஆணையர் அலுவலகத்துக்குப் போனாள். நீலமேகனார் அப்போது ஆலடியில் முகாமிட்டிருந்தார். மேல்கரையார் தாங்களே கூடி ஒரு பாதை வெட்டிக்கொள்ள அனுமதி வேண்டும் என்று கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். சாலை அமைப்பது அரசரின் தனி உரிமை, குடிமக்கள் சாலை போடுவது ராஜதுரோகம் என்றார். அது ஒரு பக்கம் இருக்க, போட்டு முடித்த சாலையின் மேல் எப்படிச் சாலை போடுவது என்றும் கேட்டார்.

நாச்சியார் கோபத்தில், தன் புருஷனைத் தூக்கி வந்த வழியைச் சொல்லத் தொடங்கினாள். கணவாயில் பாறை, அதற்கு இந்தப் பக்கம் அடர்ந்த மரங்கள், நடுவில் காட்டாறு என்று அவள் சொல்லச் சொல்ல ஆணையரின் முகம் சிவந்தது.

"அம்மணி, நெடுஞ்சாலையில் மரங்கள் நிற்கின்றன என்றா சொல்கிறீர்கள்? பாறைகள் கிடக்கின்றன என்றா?"

"ஆமாங்கய்யா. கெடக்குது."

"அரசாங்கம் அரும்பாடுபட்டு அமைத்த சாலையைக் குடிமக்கள் பராமரிக்கும் லட்சணம் இதுதானா? சாலை மீதுள்ள இடையூறுகளை அகற்றுவது அந்தந்த ஊராரின் கடமை. ஒரு வருடத்துக்குள் மரம், பாறை அத்தனையும் அகற்றப்பட்டிருக்க வேண்டும். தவறினால் சீமை முழுவதற்கும் அபராதம்."

அவள் வாசல் வரை போனாள். அங்கே நின்று அவர் சொன்னதை மனதுக்குள் ஒரு முறை ஓட்டிப் பார்த்தாள். திரும்பி வந்தாள்.

"ஐயா, மரத்த எடுத்துறணும். பாறையையும் எடுத்துறணும். அம்புட்டுத்தானங்களே?"

"அவ்வளவும்தான். ஒரு கல் மிஞ்சக்கூடாது."

"சரிங்கய்யா. எடுத்துர்றோம்."

ஊருக்குத் திரும்பி அவள் இதைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. ஏதோ சூழ்ச்சி என்றார்கள். நாச்சியார் யாரையும் கெஞ்சவில்லை. மறுநாள் அரிவாளோடு போய்ப் புதரை வெட்டத் தொடங்கினாள். தவசியை டோலியில் தூக்கிய ஆட்கள் அவளுக்குப் பின்னாலேயே போனார்கள், அந்த வழியின் ஒவ்வொரு வளைவும் அவர்கள் தோளுக்குத் தெரியும். வாரம் கழிவதற்குள் வீட்டுக்கு ஒருவர் வந்துவிட்டார்கள்.

மரங்கள் சாய்வதைக் கண்டு வனக்காவலன் ஓடி வந்தான். சாலையின் குறுக்கே நிற்கும் மரங்களைத்தான் எடுக்கிறோம் என்றாள் நாச்சியார். இங்கே சாலை எங்கே இருக்கிறது என்று கேட்க வாயைத் திறந்தவன், தண்டோரா ஞாபகம் வந்து, மூடிக்கொண்டான். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, வேர்களையும் தோண்டி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் திரும்பத் துளிர்க்கும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

கணவாய்ப் பாறைதான் பெரும் பாடு. மாதக்கணக்கில் கடப்பாரை போட்டும் அசையவில்லை. நாச்சியார் மறுபடி ஆலடிக்குப் போய், சாலையில் பாறை சரிந்து கிடப்பதாகச் சொன்னாள். சரிந்த பாறையை உடைக்க வெடிமருந்து தருவது விதியில் இருந்தது. நீலமேகனார் மருந்தையும் கொடுத்து, வெடி வைக்கத் தெரிந்தவர்களையும் அனுப்பினார். காட்டாற்றுக்கு வந்தபோது, பாலம் தண்ணீரில் போய்விட்டது என்று சொல்லியனுப்பினார்கள். சாலை முடிந்ததாக ஆணை இருக்கும்போது, பாலம் இல்லையென்றால் அது போயிருக்கத்தானே வேண்டும். பழுதுபார்க்க உத்தரங்களும் இரும்பும் வந்து இறங்கின. அந்த வண்டிகள் புதிதாக வெட்டிய வழியிலேயே பாதித் தூரம் வந்ததைப் பார்த்துத் தவசி முதல் முறையாகச் சிரித்தான். அவன் கோல் ஊன்றி நடந்து, வேலை செய்பவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க்கொண்டிருந்தான்.

அடுத்த மழைக்கு முன் வழி ஆலடியில் போய் முட்டியது. மேடும் பள்ளமுமான சரளை வழி. ஆனால் இரண்டு வண்டிகள் ஒதுங்கிப் போகலாம்.

நாச்சியார் பணிமனைக்குப் போய்க் கோட்டைச்சாமியின் ஜன்னலைத் தட்டினாள். பேருந்து போக வழி திறந்திருக்கிறது, வர முடியுமா என்று கேட்டாள். அவர் அவளையே பார்த்தார். வண்டியை எடுக்க மேலிடத்து உத்தரவு வேண்டுமா என்று யோசித்தார். அவருக்கு ஏற்கெனவே இருந்த ஒரே உத்தரவு, தினமும் காலையில் மேல்கரைக்குப் புறப்பட வேண்டும் என்பதுதான்.

"ஏறுங்கம்மா. பிரேக்கு நல்லா இருக்கு. நானே பாத்துப் பாத்து வச்சிருக்கேன்," என்றார்.

பச்சைப் பேருந்து மேல்கரைக்குள் நுழைந்தபோது யாரும் வெடி போடவில்லை. சும்மா நின்று பார்த்தார்கள். வண்டி நின்றதும் ராக்கு என்ற பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள். அவள் கையில் இருந்த குழந்தை இரண்டு நாளாகக் காய்ச்சலில் கண் திறக்கவில்லை. கோட்டைச்சாமி இறங்கவே இல்லை. அப்படியே வண்டியைத் திருப்பினார். தவசியும் கோலை ஊன்றி ஏறி, ராக்குவுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, ஜன்னல் வழியே பார்த்து ஒவ்வொரு வளைவு வரும்போதும் அவளுக்குச் சொல்லிக்கொண்டே போனான். இதோ கணவாய், இதோ பாறை இருந்த இடம், இனி இறக்கம்தான். அவன் இரவெல்லாம் கிடந்த இடத்தைப் பேருந்து கடந்துபோக ஒரு நொடிகூட ஆகவில்லை.

குழந்தை பிழைத்தது. சில நாளில் அதே வண்டியில், அம்மா மடியில் முறுக்கு தின்றுகொண்டு திரும்பி வந்தது. அன்றைக்கு நாச்சியார் அடுப்படியில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். துக்கம் இல்லை. நெஞ்சில் வைத்திருந்த ஏதோ ஒரு பாரத்தை இறக்கி வைத்தது போல் இருந்தது.

செய்தி தலைநகருக்கு எட்டியதும், அங்கே திரும்பியிருந்த நீலமேகனாருக்கு வியர்த்தது. அனுமதி இல்லாமல் சாலை போட்டவர்களைத் தண்டிக்க வேண்டும். தண்டித்தால், அதற்கு முன் சாலை இல்லை என்று ஆகிவிடும். அப்படியானால் அரசரின் ஆணை என்ன ஆவது? இரண்டு நாள் ஆலோசித்தபின் பூபதிராயர் தானே மேல்கரைக்குக் கிளம்பினார். பேருந்திலேயே வந்து இறங்கி, மேடை ஏறி, சாலை இருக்கிறது என்று தான் அன்றே சொன்னதையும், சிலர் நம்பாமல் இருந்ததையும் நினைவூட்டினார். மாலைகள் விழுந்தன.

தவசிக்குப் பொறுக்கவில்லை. இத்தனைக்கும் அவருக்கா பேர் என்று மனைவியிடம் முணுமுணுத்தான்.

"பேர அவரு எடுத்துக்கிட்டுப் போகட்டும்ங்க. பஸ்ஸ நம்ம எடுத்துக்கிட்டோம்," என்றாள் நாச்சியார்.

உற்சாகம் தாளாமல் மந்திரி, இந்தச் சாலையை மேம்படுத்தப் பெரும் நிதி ஒதுக்கப் போவதாகச் சொன்னார். கைதட்டல் சட்டென்று நின்றது. கூட்டம் மொத்தமும் நாச்சியாரைத் திரும்பிப் பார்த்தது. அவள் எழுந்து கும்பிட்டாள்.

"வேணாங்கய்யா. நீங்க முடிச்சது முடிச்சதாவே இருக்கட்டும்."

அவளுடைய அடக்கத்தை மந்திரி வெகுவாகப் புகழ்ந்துவிட்டு இறங்கிப் போனார்.

தலைநகரில் அவருடைய பளிங்குச் சாலையில் ஒரு கூட்டம் காத்திருந்தது. கீழ்மலை, உப்பளச் சீமை, தென்கோடு என்று ராஜ்யத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்திருந்தார்கள். பல தேர்தல்களாகச் சாலைக்கு நிதி கேட்டு அலைந்தவர்கள் அவர்கள். இந்த முறை யாரும் நிதி கேட்கவில்லை. தங்கள் ஊர்ச் சாலையும் முடிந்துவிட்டதாக ஓர் ஆணை மட்டும் தயவு செய்ய வேண்டும் என்றார்கள்.

செலவில்லாத கோரிக்கை என்பதால் பூபதிராயர் அன்றே அரசரிடம் சொல்லிக் கையொப்பம் வாங்கினார். வேங்கைநாட்டின் சாலைகள் அனைத்தும் முடிந்துவிட்டன என்று சாயங்காலம் தண்டோரா போட்டார்கள். இருட்டுவதற்குள் ராஜ்யத்தில் எந்தக் கடையிலும் ஒரு கடப்பாரை மிஞ்சவில்லை.