கடல் தாண்டும் ஆட்டம்

இந்தத் தேர்தல் முடிகிற வரைக்கும் அரசியல் என் வீட்டுக் கேட்டைத் தாண்டி உள்ளே வரக் கூடாது என்று 2006 ஏப்ரல் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முடிவு செய்தேன். முடிவு செய்ததோடு நிற்கவில்லை, மனைவி சரளாவிடம் முறைப்படி அறிவித்தேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "அப்படியே கேட்டைச் சாத்திட்டு வாங்க, நாய் வருது" என்றாள்.

என் பெயர் பிஜேந்திரா. எங்கள் தீவு நாட்டின் நாந்தி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வோட்டுவாலேவுவில் வீடு. லவுத்தோக்காவில் ஒரு ஹார்ட்வேர் கடையில் இருபது வருஷமாக ஆணியும் திருகாணியும் விற்கிறேன். அது வயிற்றுக்கு. மனசுக்கு வேறு வேலை இருக்கிறது. நான் ஆட்டம் உண்டாக்குகிறவன். கம்ப்யூட்டர் ஆட்டம் இல்லை. அட்டை, காய், தாயக்கட்டை, சீட்டு எல்லாம் வைத்து மேஜையில் ஆடுகிற ஆட்டம். என் வாழ்நாள் படைப்பின் பெயர் 'கரும்பு லாரி'. ஆலை வாசலில் லாரிகள் வரிசையில் நிற்கும். மழைச் சீட்டு வந்தால் கரும்பு நனையும். டயர் சீட்டு வந்தால் பின்னால் இருக்கிறவன் முன்னால் போவான். யார் முதலில் எடை மேடை ஏறுகிறாரோ அவர் ஜெயித்தார். ஆடி முடிக்க நான்கு மணி நேரம் ஆகும். நிஜ லாரிக்கு இதைவிட அதிக நேரம் ஆகும் என்பதால் இது வேகமான ஆட்டம் என்றே சொல்லலாம்.

'கரும்பு லாரி' முதலில் ஆறு பேர் ஆடுகிற ஆட்டமாக இருந்தது. 87-இல் பட்டாளம் ஆட்சியைப் பிடித்தபோது ஆட்டக்காரர்களில் இரண்டு பேர் கனடா போனார்கள். நான்கு பேர் ஆட்டமாக மாற்றினேன். 2000-இல் பார்லிமென்டுக்குள் துப்பாக்கி புகுந்தது. ஒருவர் சிட்னி, ஒருவர் பிரிஸ்பேன். இரண்டு பேர் ஆட்டமாக மாற்றினேன். மீதி இருந்த ஒரே ஆட்டக்காரி சரளா. அவளும் போய்விட்டால் ஒற்றை ஆள் ஆட்டமாக மாற்ற வேண்டியிருக்கும். அதற்கு விதிகளை அடியிலிருந்து திரும்ப எழுத வேண்டும்.

போகிற எண்ணம் சரளாவுக்கு இருந்தது. அவள் அண்ணன் யோகேந்திரா ஆக்லாந்தில் இருக்கிறார். மாதம் ஒரு தடவை போன் பண்ணி, "இன்னும் அங்கேயேவா இருக்கே?" என்று கேட்பார். எனக்கோ போவதில் துளியும் விருப்பமில்லை. காரணத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: பயம். இங்கே நானூறு வகைத் திருகாணியைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே பெயர் சொல்லுவேன். அங்கே என் பெயரையே யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆகவேதான் என் திட்டம். எங்கள் ஊரில் தேர்தல் வந்தால் பின்னாலேயே துப்பாக்கி வரும். துப்பாக்கி வந்தால் பின்னாலேயே விசாப் பேச்சு வரும். முதல் கண்ணியை அறுத்துவிட்டால் கடைசிக் கண்ணி தானாக விழும் என்று கணக்குப் போட்டேன். வீட்டில் பேப்பர் நின்றது. ரேடியோவில் பஜனை மட்டும். ஓட்டுக் கேட்டு வருகிற எதிர்வீட்டுச் சின்னப்பன் அண்ணனை மட்டும் என்னால் நிறுத்த முடியவில்லை. தினம் சாயங்காலம், லேசாகக் கிறங்க வைக்கிற நங்கோனா வேர்ப்பொடிப் பொட்டலத்தோடு வந்து, தானே கரைத்துத் தானே மூன்று சிரட்டை குடித்துவிட்டு, நாடு போகிற போக்கைப் பற்றிப் பேசுவார். நான் அவரிடம் தேர்தல் போஸ்டர் மட்டும் கேட்டு வாங்கிக்கொள்வேன். எதிர்க்கட்சிக்காரர்களிடமும் வாங்கிக்கொள்வேன். தடித்த, வழவழப்பான காகிதம். பின்பக்கம் ஒட்டி வெட்டினால் அருமையான சீட்டு கிடைக்கும். ஊரில் இரண்டு கட்சியும் என்னைத் தன் தீவிரத் தொண்டன் என்று நம்பியது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இந்தச் சமயத்தில்தான் ஒரு சனிக்கிழமை மத்தியானம், மழைச் சீட்டு வெட்டிக்கொண்டிருந்த என் மேஜைக்குச் சரளா ஒரு பள்ளிக்கூட நோட்டோடு வந்தாள்.

அவள் தமிழில் பேச ஆரம்பித்ததும் வெட்டுவதை நிறுத்தினேன். பிள்ளைகள் ஷீத்தலுக்கும் அமித்துக்கும் ஹிந்திதான் தெரியும். அவர்களுக்குப் புரியக் கூடாததை மட்டும் நாங்கள் தமிழில் பேசுவோம். அதனால் எங்கள் வீட்டில் தமிழ் என்றால் சண்டை என்று அர்த்தம்.

"என்னங்க, நானும் ஒரு ஆட்டம் யோசிச்சு வெச்சிருக்கேன். கொஞ்சம் பாக்கறீங்களா?"

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கல்யாணமாகி இருபது வருஷம். ஒரு நாளாவது என் மேஜைப் பக்கம் தானாக வந்ததுண்டா? ஆட வா என்று கூப்பிட்டால் அன்றைக்குத்தான் அவளுக்கு அரிசி புடைக்க வேண்டியிருக்கும். கல்லும் கரையும் என்று சொன்ன பெரியவர்கள் பொய் சொல்லவில்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டேன். சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

ஆட்டம் இதுதான். ஒரு தீவில் ஒரு குடும்பம். அக்கரைத் தீவுக்குப் போக நூறு பாயின்ட் சேர்க்க வேண்டும். வயசுக்கு இத்தனை, படிப்புக்கு இத்தனை, செய்த வேலைக்கு இத்தனை, அக்கரையில் சொந்தக்காரர் இருந்தால் இத்தனை. இரண்டு ஆட்டக்காரர்கள்: புருஷன், பொண்டாட்டி. புருஷனுக்கு வயது நாற்பத்து நான்கு, கடையில் வேலை. பொண்டாட்டிக்கு முப்பத்தொன்பது, ஆஸ்பத்திரியில் நர்ஸ். சரளாவும் நர்ஸ்தான். புதிதாக எழுதுகிறவர்கள் தங்களுக்குத் தெரிந்ததை வைத்துத்தான் எழுதுவார்கள் என்று மனசுக்குள் பாராட்டிக்கொண்டேன்.

"வயசு ஏறினா பாயின்ட் குறையுதே. இதை எவன் யோசிச்சான், ஈவிரக்கம் இல்லாதவன்" என்றேன்.

"நான்தான்."

"இல்லை, விறுவிறுப்பா இருக்குன்னு சொல்ல வந்தேன்."

புருஷனை வைத்து மூன்று தடவை ஆடிப் பார்த்தேன். மூன்று தடவையும் அறுபதுக்கு மேல் ஏறவில்லை. படிப்புச் சீட்டு அவனிடம் கிடையாது. அக்கரையில் அவன் வேலைக்கு மதிப்பு கிடையாது. வயசு மட்டும் தாராளமாக இருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆட்டம் உண்டாக்குகிறவனுக்கு, நகராத காயைக் கண்டால் கை பரபரக்கும்.

"இந்த ஆளை வெச்சுக்கிட்டு வாசப்படிகூட தாண்ட முடியாது" என்றேன்.

"அப்போ என்னங்க பண்றது?"

"பொண்டாட்டி ஆடட்டும். அவளுக்குப் படிப்பு இருக்கு, பத்து வருஷ அனுபவம் இருக்கு, நூத்தஞ்சு வருது பாரு. புருஷனை ஆட்டக்காரன்ங்கற இடத்திலேர்ந்து தூக்கிடு. அவன் வெறும் சீட்டு. அவ கையில இருக்கற சீட்டு. எடுத்துக்கிட்டுப் போனாலும் சரி, விட்டுட்டுப் போனாலும் சரி, பாயின்ட்ல ஒண்ணும் மாறாது."

சரளா நோட்டிலிருந்து நிமிர்ந்தாள். "விட்டுட்டா போறது?" என்றாள்.

"ஆட்டம்தானே" என்று தைரியம் சொன்னேன்.

பிறகு கடைசி விதிக்கு வந்தேன். 'புருஷன் சம்மதிக்காவிட்டால் யாரும் நகரக் கூடாது' என்று எழுதியிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. புதியவர்கள் எல்லாரும் செய்கிற தவறு.

"இது என்ன விதி சரளா? ஒருத்தன் உக்காந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டான், அவனுக்காக எல்லாரும் நிக்கணுமா? இப்படி ஒரு ஆள் இருந்தா யாரு கூட உக்காந்து ஆடுவா?"

"நானும் அதைத்தாங்க நினைச்சேன்" என்றாள் சரளா.

அந்த வரியைச் சிவப்பு மையால் குறுக்கே அடித்தேன். பக்கத்தில் 'முட்டாள்தனமான விதி' என்று எழுதி, வழக்கம்போல் கையெழுத்தும் தேதியும் போட்டேன். விதி மாற்றினால் கையெழுத்துப் போடுவது என் பழக்கம். கூடவே ஒரு தொழில் ரகசியமும் சொல்லிக் கொடுத்தேன். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தால் வயசு ஏறிப் பாயின்ட் குறையும், ஆகவே நூறு சேர்ந்த மறுநிமிஷமே எல்லாவற்றையும் மேஜையில் இறக்கிவிட வேண்டும் என்றேன். அவள் அதையும் நோட்டில் குறித்துக்கொண்டாள். அன்று சாப்பாட்டுக்கு நண்டுக் குழம்பு. இப்படி ஒரு மனைவி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நினைத்தபடி மூன்றாவது தடவை சோறு போட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை அவள் தபாலாபீஸ் போய் வந்தாள். அண்ணனுக்கு ஏதோ அனுப்பினதாகச் சொன்னாள். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

மே மாதம் ஓட்டு. ஓட்டுப் போடாவிட்டால் அபராதம் என்பதால் நானும் வரிசையில் நின்றேன், எதையோ குறியிட்டேன், வந்துவிட்டேன். யார் ஜெயித்தார்கள் என்று கேட்கவில்லை. ஜூன் போனது, ஜூலை போனது. விசாப் பேச்சே இல்லை. யோகேந்திராவின் போன்கூட குறைந்துவிட்டது. என் திட்டம் பலித்ததை நினைத்து எனக்கே என் மேல் மரியாதை வந்தது. சரளா என் முன்னால் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு நடமாடினாள். நான் 'கரும்பு லாரி'யை மெருகேற்றினேன்.

டிசம்பர் முதல் வாரம் பட்டாளம் மறுபடியும் ஆட்சியைப் பிடித்தது. கடையை மத்தியானமே சாத்திவிட்டார்கள். வழியில் சிப்பாய்கள் பஸ்ஸை நிறுத்திப் பை பையாகப் பார்த்தார்கள். என் பையில் போஸ்டரில் வெட்டின சீட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஏதோ ஒரு வேட்பாளரின் மூக்கோ காதோ. இது எந்தக் கட்சி என்று கேட்டான் ஒருவன். கரும்பு லாரி என்றேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் போகச் சொன்னான். மறுவாரம் சின்னப்பன் அண்ணன் சிட்னியில் மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். மூன்று மாதம் இருந்துவிட்டு வருவதாகச் சொன்னவர், நாயை விற்றுவிட்டுப் போனார்.

அதற்கு இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். "நமக்கும் அரசியலுக்கும் சம்பந்தமில்லைன்னு இருந்தது எவ்வளவு நல்லதாப் போச்சு பாத்தியா?" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தேன். சரளா என் முன்னால் ஒரு கவரை வைத்தாள். நியூசிலாந்துத் தபால்தலை.

படித்தேன். சரளா நூற்றைந்து பாயின்ட் எடுத்துத் தேர்வாகியிருக்கிறாளாம். குடும்பத்தார் எல்லாருடைய பாஸ்போர்ட்டும் டாக்டர் சர்டிபிகேட்டும் அனுப்ப வேண்டுமாம். கீழே பெயர்கள்: சரளா, ஷீத்தல், அமித். கடைசியில், தாள் முடிகிற இடத்தில், பிஜேந்திரா.

நூற்றைந்து என்ற எண்ணை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. பிறகு என் கையெழுத்திலேயே பார்த்தது ஞாபகம் வந்தது. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். யானைக்காவது தும்பிக்கை இருக்கிறது. நான் சிவப்புப் பேனாவால் போட்டுக்கொண்டேன்.

"நான் சம்மதிக்கலையே" என்றேன்.

அவள் உள்ளே போய் அந்தப் பள்ளிக்கூட நோட்டை எடுத்து வந்தாள். நோட்டைப் பிரித்து, கடைசிப் பக்கத்தை என் பக்கம் திருப்பி வைத்தாள். நான் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை. படிக்கத் தேவை இருக்கவில்லை.

"என்கிட்ட நேரா கேட்டிருக்கலாமே சரளா."

"ஆறு வருஷமா நேராத்தாங்க கேட்டேன். சாதாரணமாச் சொன்னா உங்க காதுல ஏறல. விதின்னு எழுதிக் குடுத்தாத்தான் ஏறுது."

அப்புறம் அவள் 2000-ஆம் வருஷத்தைச் சொன்னாள். பார்லிமென்டுக்குள் துப்பாக்கி புகுந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வர பஸ் இல்லை. ஷீத்தலைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு, அமித்தை அவனைப் பார்த்துக்கொள்கிற வீட்டிலிருந்து இடுப்பில் தூக்கிக்கொண்டு, கடை கடையாகச் சாத்தியிருந்த ரோட்டில் நடந்தே வந்திருக்கிறாள்.

"வீட்டுக்குள்ள வந்தேன். நீங்க இந்த மேஜையில உக்காந்திருந்தீங்க. மழைச் சீட்டுக்கு நீலம் நல்லாருக்குமா பச்சை நல்லாருக்குமான்னு கேட்டீங்க. பச்சைன்னு சொல்லிட்டு, உள்ளே போய் அழுதேன்."

பச்சை எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவள் அழுதது தெரியாது. ஆறு வருஷமாக அந்தப் பச்சைச் சீட்டுகளைக் கையில் பிடித்து ஆடியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"என்னை விட்டுட்டுப் போனாலும் பாயின்ட் மாறாதுன்னு நான்தானே சொன்னேன். பின்ன ஏன் என் பேரை எழுதினே?"

"எழுதாம?" என்றாள் சரளா. "உங்களை விட்டுட்டு நான் எங்க போயிருக்கேன், நாந்தி மார்க்கெட்டுக்குக்கூட?"

கவரை மெல்ல மேஜையில் வைத்தேன். ஆனாலும் குடும்பத் தலைவன் என்று ஒரு மரியாதை இருக்கிறதல்லவா? தொண்டையைக் கனைத்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"சரி, வரேன். ஆனா ஒரு நிபந்தனை."

சரளா நோட்டை மூடினாள்.

"நிபந்தனையெல்லாம் ஆட்டக்காரங்க போடறதுங்க. சீட்டு போடாது."