வக்கீல் நோட்டீஸுக்கு ஒரு ஆயிரம் வாலா

எனக்குத் தெரிந்து, வக்கீல் நோட்டீஸ் வந்ததற்குச் சரவெடி வெடித்த வீடு எங்கள் வீடு ஒன்றுதான்.

எம். புதுப்பட்டியில் அப்பாவும் அம்மாவும் பட்டாசு ஆலைக்குப் போகிறவர்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூட வாசலை மிதித்தவன் நான். கல்லூரி முடித்ததும் வேலை தேடாமல் ஸ்டார்ட்அப் ஆரம்பித்தேன். (ஸ்டார்ட்அப் என்றால் நானும் ஒரு பழைய லேப்டாப்பும்.) பட்டாசுக் கடைகள் ஆர்டர் எடுப்பதற்கான செயலியைச் சென்னையில் ஒரு பெரிய கம்பெனி விற்றுவந்தது. அதைப் பார்த்துப் பார்த்து நானே ஒன்று செய்தேன். அத்தோடு நின்றிருக்கலாம். “அவர்கள் செயலியை அப்படியே பதினோரு நாளில் செய்துவிட்டேன், இலவசம்!” என்று வீடியோ போட்டேன்.

“பாரும்மா, இதப் பாத்துட்டு அந்தக் கம்பெனியே என்னையத் தேடி வரும்” என்று அம்மாவிடம் வேறு அளந்தேன்.

வந்தது. பதிவுத் தபாலில்.

நான் சாத்தூர் போய்த் திரும்பினால் தெருவெல்லாம் சிவப்புக் காகிதம். தபால்காரர் கம்பெனியின் பெயரைச் சொன்னதுமே அப்பா சரத்தைப் பற்ற வைத்துவிட்டார். உறை, குங்குமப் பொட்டோடு காளியம்மன் படத்தடியில் இருந்தது. கூடியிருந்த தெருக்காரர்கள் ஆளாளுக்குக் கையில் காராசேவு.

“வேலைக்கு ஆர்டர் வந்துருச்சுய்யா! சத்தமாப் படி” என்றாள் அம்மா.

பிரித்தேன். ஏழு நாளில் செயலியை நீக்கி மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லையென்றால் கோர்ட், நஷ்டஈடு.

“சம்பளம் எம்புட்டுலே போட்டுருக்காக?” என்றார் எதிர்வீட்டு மாரியப்பன் மாமா.

“மாமா... நம்மதான் குடுக்கணுமாம்.”

கூட்டம் காராசேவோடு கலைந்தது. நான் விறைத்துக்கொண்டேன். “ஒருத்தர் புது வெடி விட்டா, அடுத்த சீசன்ல பத்துப் பேரு விடலையா? பாத்துச் செஞ்சா தப்பாம்மா?”

“வெடிய எவனும் செய்யலாம்லே. அவுக லேபிளையுமா ஒட்டுன?” என்றாள் அம்மா.

சிரித்துக்கொண்டே லேப்டாப்பைத் திறந்தேன். நிரல் முழுக்க என் உழைப்புதான். ஆனால் விதிமுறைகள் பக்கத்தைச் சோம்பலில் அப்படியே எடுத்துப் போட்டிருந்தேன். அதில் ஐந்து இடத்தில் அவர்கள் கம்பெனியின் பெயரே இருந்தது. லேபிளைத்தான் ஒட்டியிருந்தேன்.

எல்லாவற்றையும் நீக்கினேன். வீடியோ போட்ட இடத்திலேயே மன்னிப்பும் கேட்டேன். கம்பெனியும் அத்தோடு விட்டுவிடுவதாகப் பதில் போட்டது. அந்தப் பதில் வரும்வரை, ஆலையில் யார் கேட்டாலும், “சேருற தேதி இன்னும் சொல்லல” என்றே அம்மா சமாளித்திருக்கிறாள். வக்கீல் நோட்டீஸைவிட அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

செயலியின் தோற்றத்தை மாற்றி, விதிமுறைகளை என் சொந்தச் சொற்களில் எழுதி, மறுபடி வெளியிட்டேன். இப்போது சாத்தூரில் மூன்று கடைகள் அதில்தான் ஆர்டர் எடுக்கின்றன. ஆனாலும் எங்கள் வாசலில் தபால்காரர் வண்டி நின்றால் போதும், மாரியப்பன் மாமா எதிர்வீட்டிலிருந்து கத்துவார்:

“யக்கா, தீப்பெட்டிய ஒளிச்சு வையி! மருமகன் மொதல்ல படிக்கட்டும்!”