கொல்லைப்புறச் சேறு பற்றி மாப்பிள்ளைக்கு

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதுவது. இங்கு நான் நலம். முழங்கால் மட்டும் நலமில்லை, காரணம் கீழே வருகிறது.

தாங்கள் அனுப்பிய மண் லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். கோபிக்க வேண்டாம். கொல்லையை மேடாக்கி, வீட்டை விற்று, என்னைத் தங்களோடு அழைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடுதான். ஆனால் துவைக்கிற கல் இருக்கும் மூலை சதுப்பு நிலம். முப்பத்தொரு வருஷம் சதுப்பு நிலங்களை வகைப்படுத்தியவன் சொல்கிறேன். செடி, தண்ணீர், மண், மூணும் ஒத்துப்போகணும். செடி, கோரையும் வல்லாரையும். மண்ணை முழங்கால் ஆழம் தோண்டிப் பார்த்தேன், சாம்பல் நிறம், நடுவுல துருப்புள்ளி. வருஷக்கணக்கா தண்ணி நின்னாத்தான் அப்படி ஆகும். லாரி டிரைவருக்கு இதையெல்லாம் விளக்கினேன். அந்த ஆள் பொறுமையா கேட்டுட்டு, இறக்கவா வேணாமான்னு மட்டும் கேட்டார். நான் குறுக்கே நின்னு கையை விரிச்சேன், வழுக்கிச்சு, ஒரு கால் குழிக்குள்ள. அவரும் பக்கத்து வீட்டு டீச்சரம்மாவும் இழுத்துப் போட்டாங்க. செருப்பு இன்னும் உள்ளேதான் இருக்கு.

இந்த நிலத்தை உண்டாக்கினது உங்க அத்தை. இருபத்தாறு வருஷமா பாத்திரம் கழுவின தண்ணி, துணி அலசின தண்ணி எல்லாம் அங்கேதான் ஊத்துவா. கொசு வருதுன்னு தினம் கத்துவேன். "ஊர்ச் சேத்துக்கெல்லாம் பேர் வைக்கிறீங்க, என் சேறு மட்டும் இளக்காரமா?"ன்னு கேப்பா. அவ போய் ஏழு மாசம் கழிச்சு இப்பத்தான் எழுதியிருக்கேன்: வகை, நன்னீர்ச் சதுப்பு. படிச்சுக் காட்டத்தான் அவ இல்லை. அதுமேல மண் கொட்ட என்னால முடியாது மாப்பிள்ளை.

மகளுக்கும் பேத்திக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
ஒற்றைச் செருப்பு மாமனார்

பின்குறிப்பு: எழுதி நாலு நாளாச்சு, தபால்ல போடலை. மூணுல, இப்ப தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு மட்டும் மேலே நான் எழுதலை, கவனிச்சீங்களா? இந்த ஏழு மாசமும் நான்தான் தினம் ரெண்டு வாளி ஊத்தினேன். விழுந்ததுலேர்ந்து வாளி தூக்க முடியலை. இன்னிக்கு அந்த மூலை வெடிச்சுக் கிடக்கு. தண்ணி வரத்து நின்ன நிலத்துக்கெல்லாம் 'முன்னாள் சதுப்பு'ன்னு எத்தனையோ தடவை கையெழுத்துப் போட்டிருக்கேன். இதுக்கும் போட்டுட்டேன். லாரியை வரச் சொல்லுங்க. ஒரு பிடி கோரையை வேரோட, அந்தச் சாம்பல் மண்ணோட வாளியில எடுத்து வெச்சிருக்கேன். உங்க வீட்ல பாத்திரம் கழுவுற தண்ணி எங்கே போகுது?